புரிஞ்சுதா?

உங்களிடம் ஒரு கேள்வி. 'புரிஞ்சுதா?' என்று இதுவரை உங்களை எத்தனை பேர் கேட்டிருப்பார்கள்? கணக்கு வாத்தியார், டிரைவிங் ஸ்கூல் மாஸ்டர், மாத்திரையை எண்ணிக் கொடுக்கும் நர்ஸ், ஆபீஸ் மேனேஜர், இன்ஷூரன்ஸ் ஏஜென்ட்... அவர்களில் எத்தனை பேரிடம், 'இல்லைங்க, புரியலை' என்று சொல்லியிருக்கிறீர்கள்?

நான் எண்ணிப் பார்த்தேன். ஒரு கை விரல்களே எனக்கு அதிகம். பிளஸ் டூவில் ஆரம்பித்து ஹவுஸிங் லோன் வரைக்கும் எல்லாவற்றுக்கும் தலையாட்டித்தான் வந்திருக்கிறேன். சந்தேகம் வந்தால் பக்கத்தில் இருப்பவனைப் பார்ப்பேன். அவனும் தலையாட்டிக்கொண்டிருப்பான். சரி, நமக்குத்தான் மண்டையில் ஏறலை போல என்று பேசாமல் இருந்துவிடுவேன்.

இதே கேள்வியை 2018-ல் மூன்று மாதம், ஒரு நாளைக்கு ஏழெட்டுத் தடவை, இருபத்தேழு பேரைப் பார்த்து நானே கேட்டேன். அந்தக் கதையைத்தான் சொல்லப்போகிறேன். கொஞ்சம் வெட்கமான கதை.

விருதுநகரில் என்னோடு பி.காம். படித்த நண்பன் ஒருவன் தாம்பரத்தில் வேலைவாய்ப்புப் பயிற்சி மையம் வைத்திருந்தான். மாடிப்படி ஏறும்போதே 'நூறு நாளில் அக்கவுன்டன்ட்!' என்று போர்டு வரவேற்கும். 2017 ஜூலை 1-ம் தேதி ஜி.எஸ்.டி. வந்தாலும் வந்தது, அதுவரை மஞ்சள் பையில் பில்லைப் போட்டு வருஷத்துக்கு ஒரு தடவை ஆடிட்டரிடம் கொடுத்துக்கொண்டிருந்த கடைக்காரர்கள்கூட 'டேலி தெரிஞ்ச பையன் இருந்தா சொல்லுங்க' என்று தேட ஆரம்பித்திருந்தார்கள். நண்பனுக்கு அட்மிஷன் கூட்டம். பாடம் நடத்த ஆள் இல்லை.

"மாப்ள, காலையில ஏழு டு எட்டரை. பேசிக் அக்கவுன்ட்ஸ் மட்டும் எடுத்துக் குடு. நீ பி.காம். தானே?"

"டேய், நான் பேனா பிடிச்சுப் பதினஞ்சு வருஷத்துக்கு மேல ஆச்சு. கணக்கெல்லாம் மறந்துபோச்சு."

"அட, நீ மேடையில பேசினா ஆயிரம் பேர் கை தட்டுறான். இருபத்தேழு பேரைச் சமாளிக்க மாட்டியா?"

புகழ்ச்சிக்கு மயங்காத பத்திரிகைக்காரன் இனிமேல்தான் பிறக்க வேண்டும். ஒப்புக்கொண்டேன்.

முதல் நாள் வகுப்பு அமர்க்களம். நான் சொல்லவில்லை, நண்பன் சொன்னான். இத்தாலியில் லூக்கா பசோலி என்ற பாதிரியார் 1494-ல் வெனிஸில் அச்சிட்ட கணிதப் புத்தகத்தில்தான் இரட்டைப் பதிவு முறையை முதன்முதலாக அச்சில் விளக்கினார், அதற்கு முன்பே வெனிஸ் வியாபாரிகள் அப்படித்தான் கணக்கு எழுதினார்கள், லியனார்டோ டாவின்சிக்குக் கணிதம் சொல்லிக்கொடுத்தவரும் இவரே... சும்மா பிளந்து கட்டினேன். அப்புறம் மூன்று தங்க விதிகள். 'டெபிட் த ரிசீவர், கிரெடிட் த கிவர்' என்று கோரஸாகச் சொல்லவைத்தேன். நடுநடுவே இரண்டு ஜோக். சிரித்தார்கள்.

"புரிஞ்சுதா?"

"புரிஞ்சுது சார்!"

இருபத்தேழு குரல். மாடிப்படி இறங்கும்போது கால் தரையில் படவில்லை.

இரண்டாவது நாள். 'பேங்க்கில் பணம் கட்டினால் பேங்க் அக்கவுன்ட்டை டெபிட் செய்ய வேண்டும்' என்று எழுதிக்கொண்டிருந்தேன். இரண்டாவது வரிசையில் ஒரு பெண் பாதி கையைத் தூக்கினார். தூக்கலாமா வேண்டாமா என்று கைக்கே சந்தேகம்.

"சார், எங்க பேங்க்ல பணம் போட்டா கிரெடிட்னு மெசேஜ் வருது. நீங்க டெபிட்னு எழுதியிருக்கீங்க..."

மணி எட்டு இருபது. போர்டில் இன்னும் ஆறு வரி பாக்கி. நான் என்ன சொன்னேன் தெரியுமா?

"அது வேற, இது வேறம்மா. போட்டுக் குழப்பிக்காதீங்க. அப்புறம் சொல்றேன்."

யாரோ சிரித்தார்கள். அந்தப் பெண்ணும் சிரித்தபடி உட்கார்ந்துவிட்டார். 'அப்புறம்' வரவே இல்லை. பதில் தெரியாமல் இல்லை. என் வேகத்தில் இருந்தேன். அந்த வகுப்பிலேயே உருப்படியான கேள்வி அது ஒன்றுதான் என்பது எனக்கு உறைக்கவில்லை.

மூன்றாவது வாரம் உறைத்தது. பக்கத்து ஹார்டுவேர் கடையில் கெஞ்சி வாங்கி வந்த ஐந்து பழைய பில்களை ஜெராக்ஸ் எடுத்துக் கொடுத்து, "இதை நோட்டுல எழுதுங்க பார்ப்போம்" என்றேன். அவ்வளவுதான். அறை நிசப்தம். ஒருவர் பேனாவைத் திறந்து மூடினார். ஒருவர் பில்லைத் திருப்பி பின்பக்கம் ஏதாவது இருக்கிறதா என்று பார்த்தார். 'டெபிட் த ரிசீவர்' என்று தூக்கத்தில்கூடச் சொல்லும் பையன், "சார், இதுல ரிசீவர் யாரு?" என்றான். அரை மணி நேரத்தில் ஒருவர்கூட ஒரு பில்லைச் சரியாக எழுதவில்லை.

வருகைப் பதிவேட்டைப் பார்த்தேன். இருபத்தேழு பத்தொன்பது ஆகியிருந்தது. நண்பன் அலட்டிக்கொள்ளவில்லை. "ஃபர்ஸ்ட் மாசம் பாதிப் பேர் நின்னுடுவான் மாப்ள. எல்லா சென்டர்லயும் அப்படித்தான். ஃபீஸ்தான் முன்னாடியே வாங்கியாச்சே" என்றான். அவன் கெட்டவன் இல்லை. வாடகை, கரன்ட் பில், கம்ப்யூட்டர் தவணை என்று அவன் கணக்கு அவனுக்கு. ஆனால், அந்த 4,500 ரூபாய் ஃபீஸை ஒவ்வொருவரும் எப்படிக் கட்டியிருப்பார்கள் என்று எனக்கு உறுத்த ஆரம்பித்தது. நின்றுபோனவர்களில் 14-ம் நம்பரும் உண்டு. பேங்க் மெசேஜ் பற்றிக் கேட்ட அதே பெண்.

ஆமாம், நம்பர்தான். மூன்று வாரம் வகுப்பு எடுத்தும் ஒருவர் பெயரும் எனக்குத் தெரியாது.

அன்று ராத்திரி எனக்கு டைப்ரைட்டிங் மாஸ்டர் ஞாபகம் வந்தார். 1996-ல் பிளஸ் டூ பரீட்சை முடிந்த லீவில் விருதுநகரில் அவரிடம் டைப் கற்றுக்கொண்டேன். பாதிப் பேருக்கு மேல் நீங்களும் போயிருப்பீர்கள். ரெமிங்டன், கோத்ரெஜ், ஃபேசிட் என்று வரிசையாக மெஷின்கள். காலை ஆறு மணிக்கே தெருவெல்லாம் கேட்கும் சடசட சத்தம். லோயருக்கு நிமிஷத்துக்கு 30 வார்த்தை, ஹையருக்கு 45.

மாஸ்டர் லெக்சர் அடித்து நான் பார்த்ததே இல்லை. முதல் நாளே மெஷினில் உட்காரவைத்து, எட்டு விரலையும் எங்கே வைப்பது என்று தன் விரலால் காட்டினார். 'ஏ எஸ் டி எஃப்' அடி என்று சொல்லிவிட்டு வாசல் பக்கம் போய் தினத்தந்தியை விரித்துக்கொண்டார். படிக்கிறார் என்று நினைத்து நான் குனிந்து கீயைப் பார்த்து அடித்தேன்.

"மூணாம் மெஷின்! கண்ணு பேப்பர்ல!"

திரும்பிக்கூடப் பார்க்கவில்லை மனுஷன். காதாலேயே பார்த்தார். கீயைத் தேடி அடித்தால் சத்தம் ஒரே சீராக வராது இல்லையா? இன்னொரு நாள், "சுண்டு விரல் தூங்குது பாரு" என்றார். பேப்பரை உருவிக் காட்டினார். 'ஏ' மட்டும் மங்கலாக விழுந்திருந்தது. இடது கை சுண்டு விரலில் எனக்கு பலம் இல்லை. ஒரு வாரம் அந்த விரலுக்கு மட்டும் தனிப் பயிற்சி. இந்தக் கட்டுரையின் முதல் எழுத்து வரைக்கும் அந்த விரல்தான் எனக்குச் சோறு போடுகிறது. அவர் ஒரு நாளும் என்னிடம் 'புரிஞ்சுதா?' என்று கேட்டதில்லை. கேட்க வேண்டிய அவசியமே இல்லை. பேப்பரில் தெரிந்தது.

எங்கள் குரோம்பேட்டை ஃப்ளாட்டில் கீழ்வீட்டுக்காரர் ஒருவர். ஐ.டி.ஐ.யில் ஃபிட்டர் பிரிவுக்கு வருஷக்கணக்கில் பயிற்றுநராக இருந்து ரிட்டையர் ஆனவர். மறுநாள் சாயங்காலம் அவரிடம் போய் புலம்பினேன். அவர் காபி கொடுத்துவிட்டு, "முதல்ல ஒண்ணு சொல்லுங்க தம்பி. கிளாஸ்ல யார் கை அதிகமா வேலை செய்யுது?" என்று கேட்டார்.

"என் கைதான் சார். போர்டுல எழுதி எழுதி..."

"அப்ப கத்துக்கிறது நீங்கதான்."

சிரிக்காமல் சொன்னார். ஃபிட்டர் படிப்பு இரண்டு வருஷம். சேர்ந்த பையனுக்கு முதலில் பெரிய மெஷின் எதையும் காட்ட மாட்டார்களாம். ஒரு இரும்புத் துண்டு, ஒரு அரம். ராவு. அவ்வளவுதான். ஒரு பக்கத்தைச் சமமாக ராவிவிட்டு, மூலைமட்டத்தை அதன்மேல் நிறுத்தி வெளிச்சத்துக்கு நேராகத் தூக்கிப் பார்க்க வேண்டும். இடுக்கில் வெளிச்சம் தெரிந்தால் மேடு பள்ளம் இருக்கிறது. மறுபடி ராவு.

"நான் 'தப்பு'ன்னு சொன்னா பையன் மூஞ்சி சுருங்கிடும் தம்பி. வெளிச்சம் சொன்னா சுருங்காது. அவனே பார்த்து அவனே திருத்திக்குவான். அதுக்குள்ள நான் அடுத்த பையன்கிட்ட போயிடுவேன். உங்க கணக்குல அந்த வெளிச்சம் எது?"

சட்டென்று பதில் சொல்ல முடியவில்லை. ட்ரையல் பேலன்ஸ் என்று சொல்லலாம். ஆனால் அது கடைசியில் வருவது. அதுவும் முழு யோக்கியம் கிடையாது. ஒரு பில்லை அடியோடு விட்டுவிட்டால்கூட இரண்டு பக்கமும் ஜோராக டேலி ஆகும்!

அவர்தான் இன்னொரு விஷயமும் சொன்னார். சொல்லிக்கொடுப்பதற்கு ஒரு முறை இருக்கிறது. முதல் உலகப் போர் சமயத்தில் அமெரிக்காவில் கப்பல் கட்ட ஆட்களை அவசர அவசரமாகப் பழக்க வேண்டியிருந்தது. அதில் வேலை செய்த சார்லஸ் ஆலன் என்பவர் 1919-ல் ஒரு புத்தகம் போட்டார். முதலில் ஆளைத் தயார்ப்படுத்து, அப்புறம் காட்டு, அப்புறம் அவனையே செய்யவிடு, கடைசியில் சோதித்துப் பார். நாலு படி. இரண்டாம் உலகப் போரில் அமெரிக்கத் தொழிற்சாலைகளும், போருக்குப் பின் ஜப்பான்காரர்களும் இதை எடுத்துக்கொண்டார்கள். நம் ஐ.டி.ஐ. பயிற்றுநர்களுக்குப் பயிற்சி கொடுக்க கிண்டியிலேயே மத்திய அரசு நிறுவனம் இருக்கிறது. அங்கேயும் பாடத் திட்டத்தை இந்த நாலு படியில்தான் எழுதிப் பழக்குகிறார்களாம்.

"இதுல எந்தப் படியில 'புரிஞ்சுதா?'ன்னு கேக்கணும் சார்?" என்றேன்.

"எதுலயும் கேக்கக் கூடாது. 'அடுத்து என்ன செய்வே?'ன்னு கேக்கணும். சரி, இது எல்லாத்தையும் விடுங்க. நின்னுபோனாங்கனு சொன்னீங்களே, அவங்க நிக்கிறதுக்கு முன்னாடி கடைசியா உங்ககிட்ட என்ன பேசினாங்க? யோசிச்சுப் பாருங்க."

யோசித்தேன். எட்டில் ஏழு பேர் என்னிடம் பேசியதே இல்லை. எட்டாவது ஆளிடம், 'அப்புறம் சொல்றேன்' என்று நான் சொல்லியிருந்தேன்.

அடுத்த திங்கட்கிழமை பிஸ்கட் டப்பா ஒன்றை எடுத்துக்கொண்டு போனேன். அதில் என் சொந்தப் பணம் 500 ரூபாய், சில்லறையாக. மேஜையில் நோட்டு, பென்சில், ரப்பர். "இன்னிக்கு நாம நோட்டுப் புத்தகக் கடை நடத்துறோம்" என்றேன். அன்று வந்திருந்தவர்கள் பதினாறு பேர். ஒருவர் கல்லா. ஒருவர் சப்ளையர். மிச்சப் பேர் கஸ்டமர். எல்லோர் கையிலும் நோட்டு. நடப்பதை அவரவர் எழுத வேண்டும். தங்க விதி, வெள்ளி விதி எதுவும் கிடையாது. உங்களுக்குத் தோன்றியபடி எழுதுங்கள் என்று விட்டுவிட்டேன்.

வியாபாரம் ஜரூராக நடந்தது. 320 ரூபாய்க்கு ரொக்க விற்பனை. கடைசி பெஞ்ச்சில் இருந்த நாற்பது வயது அம்மா ஒருவர், 'அக்கவுன்ட்ல வெச்சுக்கோப்பா' என்று கம்பீரமாக 150 ரூபாய்க்குக் கடன் வாங்கிப்போனார். சப்ளையருக்கு 180 ரூபாய் கொடுத்தோம். நடுவில் டீக்கடைப் பையன் வந்தான். நாலு டீ வாங்கி, ஒன் பை டூ போட்டு எட்டுப் பேர் குடித்தோம்.

எட்டு மணிக்கு, "இப்ப டப்பாவுல எவ்வளவு இருக்கணும்?" என்றேன்.

ஒரு பையன் 790 என்றான். கடனையும் கல்லாவில் சேர்த்துவிட்டான். நாலைந்து பேர் பாய்ந்தார்கள். "அக்கா காசே குடுக்கலையேடா!" என்று சத்தம். சரியான விடை 640. எல்லோரும் ஒருவழியாக 640-க்கு வந்து சேர்ந்தார்கள். டப்பாவைத் திறந்து எண்ணச் சொன்னேன். 600 ரூபாய்தான் இருந்தது.

நீங்கள் அந்த அறையைப் பார்த்திருக்க வேண்டும். மூன்று வாரமாகத் தூங்கி வழிந்தவர்கள் எழுந்து நின்று கத்துகிறார்கள். கல்லாப் பையன் பாக்கெட்டையே வெளியே இழுத்துக் காட்டிவிட்டான். ஒவ்வொருவரும் தங்கள் நோட்டில் விரல் வைத்து வரி வரியாகத் தேடுகிறார்கள். மூலைமட்டத்தின் இடுக்கில் வெளிச்சம் தெரிந்துவிட்டது. நாற்பது ரூபாய் வெளிச்சம்.

கடைசி பெஞ்ச் அம்மாதான் மெதுவாகக் கேட்டார். "சார், டீக்கு யாரு காசு குடுத்தது?"

நான்தான். டப்பாவில் இருந்து எடுத்து. யாரும் எழுதவில்லை, என்னையும் சேர்த்து. அதற்குப் பிறகு அந்த நாற்பது ரூபாயை எங்கே எழுதுவது என்று ஒரு பட்டிமன்றம். கடைச் செலவா, முதலாளி சொந்தத்துக்கு எடுத்ததா? கஸ்டமருக்கு வாங்கிக் கொடுத்த டீ கடைச் செலவு, முதலாளி குடித்தது அவர் எடுப்பு என்று ஒரு பெண் பிரித்துக் காட்டினார். அதைச் சொல்லிக்கொடுக்க நான் இரண்டு வகுப்பு ஒதுக்கி வைத்திருந்தேன்!

எட்டரைக்கு வகுப்பு முடிய வேண்டும். ஒன்பதுக்குத்தான் முடிந்தது. கிளம்பும்போது அந்த அம்மாவிடம், "எப்படிக் கண்டுபிடிச்சீங்க?" என்றேன்.

"வீட்டுல மாசக் கடைசியில இதானே சார் பண்றோம்" என்றார். இருபது வருஷமாக அண்ணாச்சி கடையில் நோட்டுப் போட்டுத்தான் சாமான் வாங்குகிறாராம். "அவரு 'பற்று'னு எழுதுவாரு. காசு குடுத்தா 'வரவு'னு எழுதுவாரு. நானும் வீட்டுல ஒரு நோட்டு வெச்சிருக்கேன். அவரு எழுதுறதுக்கு அப்படியே நேர் எதிரா இருக்கும் சார் என் நோட்டு."

எனக்கு ஒரு நிமிஷம் பேச்சே வரவில்லை.

நம் தமிழில் டெபிட் என்றால் பற்று, கிரெடிட் என்றால் வரவு. பாடப் புத்தகத்திலும் அப்படித்தான் இருக்கிறது. அண்ணாச்சி நோட்டில் நம் பெயரில் பற்று ஏறினால், நாம் அவருக்குத் தர வேண்டும். நாம் காசு கொடுத்தால் நம் பெயரில் வரவு. ஆக, எந்தப் பதிவைப் பார்த்தாலும் முதலில் கேட்க வேண்டியது, 'இது யார் நோட்டு?' பேங்க்கில் நீங்கள் பணம் போட்டால் வரும் கிரெடிட் மெசேஜ், பேங்க்கின் நோட்டில் இருந்து வருவது. 'உங்கள் பெயரில் வரவு வைத்துவிட்டேன், இவ்வளவு நான் உங்களுக்குத் தர வேண்டும்' என்று பேங்க் சொல்கிறது. உங்கள் நோட்டிலோ, பேங்க் உங்களுக்குத் தர வேண்டிய ஆள். அதனால் பேங்க் பெயரில் பற்று. டெபிட்.

14-ம் நம்பர் கேட்டது இதைத்தான். அண்ணாச்சி நோட்டை வைத்து இரண்டு நிமிஷத்தில் சொல்லியிருக்கலாம். நான் பசோலியை வெனிஸில் இருந்து கூட்டிவந்தேன். தெருமுனை அண்ணாச்சியைக் கூப்பிடவில்லை.

அட்மிஷன் ஃபாரத்தை எடுத்துப் பார்த்தேன். அப்போதுதான் அவர் பெயர் எனக்குத் தெரிந்தது. (இங்கே எழுதட்டுமா என்று பின்னால் கேட்டேன். வேண்டாம் என்றார்.) வீடு சிங்கப்பெருமாள்கோவில் பக்கம். தாம்பரத்தில் ஒரு ஜவுளிக் கடையில் சேல்ஸ் வேலை. காலையில் ஏழு மணி வகுப்புக்கு வர, நாலரைக்கு எழுந்து சமைத்து வைத்துவிட்டு ரயிலைப் பிடித்திருக்கிறார். வகுப்பு முடிந்ததும் நேரே கடை. ராத்திரி ஒன்பது வரைக்கும் நின்றபடி வேலை. கடைகளில் வேலை செய்பவர்கள் உட்கார இருக்கை தர வேண்டும் என்று தமிழ்நாட்டில் சட்டம் வந்தது 2021-ல்தான். அப்படி ஒரு பெண், வகுப்பில் கை தூக்கிக் கேட்ட ஒரே கேள்விக்குத்தான் என் பதில், 'அது வேற, இது வேற.'

மனைவிக்குச் சுடிதார் எடுக்கிற சாக்கில் அந்தக் கடைக்குப் போனேன். மனைவிக்கு விஷயம் தெரியும். 'உங்க பாவத்துக்கு எனக்கு ரெண்டு செட்' என்று சொல்லிவிட்டுத்தான் கிளம்பினார்.

அந்தப் பெண் என்னைப் பார்த்ததும் திடுக்கிட்டார். மாடியில் இருந்து சூப்பர்வைசர் பார்த்துக்கொண்டிருந்ததால் சட்டென்று ஒரு கட்டுத் துணியை இறக்கி விரிக்க ஆரம்பித்தார்.

"சாரி சார். வர முடியலை."

"நான்தான்மா சாரி சொல்லணும். அன்னிக்கு பேங்க் மெசேஜ் பத்திக் கேட்டீங்களே..." என்று ஆரம்பித்து, அவர் துணியை விரிக்க விரிக்க, மனைவி 'வேற கலர்?' என்று கேட்டு நேரம் வாங்கிக்கொடுக்க, அண்ணாச்சி நோட்டு கதையைச் சொன்னேன். அவர் கை ஒரு பச்சைத் துணியின் மேல் அப்படியே நின்றது.

"அப்ப, நான் நினைச்சது சரிதானா சார்?"

"ரொம்பச் சரி."

"எனக்குத்தான் மண்டையில ஏறலை, நமக்கு இது ஒத்துவராதுன்னு நினைச்சுட்டேன் சார். எல்லாரும் புரிஞ்சுது புரிஞ்சுதுன்னு சொன்னாங்க."

"யாருக்கும் புரியலைம்மா. மூணாவது வாரம்தான் தெரிஞ்சுது."

லேசாகச் சிரித்தார். திரும்ப வாருங்கள், நண்பனிடம் பேசி அடுத்த பேட்ச்சில் சேர்த்துவிடுகிறேன், ஃபீஸ் வேண்டாம் என்றேன். பதில் சொல்லாமல் துணியை மடித்தார். வீட்டில் அம்மாவுக்கு உடம்பு சரியில்லையாம். இனிமேல் அந்த நாலரை மணி ஓட்டம் முடியாது.

"சார், என் பேர்ல கட்டுன பணத்துக்கு என் தம்பி வரலாமா? பிளஸ் டூ முடிச்சுட்டு சும்மா இருக்கான்."

வரலாம் என்றேன். வேறு என்ன சொல்வது? அந்த 4,500 ரூபாய் அவர் தனக்காகக் கட்டியது. நாலு மாதம் சேர்த்துக் கட்டினாராம்.

நண்பன் கொஞ்சம் முனகினான். "ஒரு சீட்டு போச்சே மாப்ள" என்றான். பிறகு, "சரி, ஆனா அடுத்த பேட்ச்சும் நீயே எடுக்கணும்" என்று கண்டிஷன் போட்டான். பிஸ்கட் டப்பாவைப் பற்றி அவன் காதுக்கு ஏற்கெனவே செய்தி போயிருந்தது.

அந்த முதல் பேட்ச் பெரிய வெற்றி ஒன்றும் இல்லை. கடைசி நாள் வரைக்கும் வந்தவர்கள் பதினேழு பேர். நின்றுபோன ஒருவர் மட்டும் திரும்பி வந்தார். டேலியில் எஃப் எட்டு அமுக்கினால் விற்பனை, எஃப் ஒன்பது அமுக்கினால் கொள்முதல் என்பதெல்லாம் இரண்டே நாளில் பிடித்துக்கொண்டார்கள். எந்தப் பில்லுக்கு எதை அமுக்குவது என்பதற்குத்தான் மிச்ச நாளெல்லாம் ஆனது. கடைசி பெஞ்ச் அம்மா ஒரு மளிகை மொத்த வியாபாரியிடம் கணக்கு எழுதப் போனார்.

இப்போது எங்கே பார்த்தாலும் திறன் பயிற்சி. 2022-ல் 'நான் முதல்வன்' வந்தபிறகு கல்லூரிகளிலேயே வேலைக்கான பயிற்சி கொடுக்கிறார்கள். அங்கெல்லாம் என்னைப் போன்றவர்களைச் சிறப்பு விருந்தினராகக் கூப்பிடுகிறார்கள். போகிறேன். ஆனால், மைக் வேண்டாம், நாற்காலிகளைத் திருப்பிப் போடுங்கள் என்றால் மட்டும் கொஞ்சம் முகம் சுளிக்கிறார்கள்.

அடுத்த பேட்ச் முதல் நாள். வருகைப் பதிவேட்டில் நம்பரை விட்டுவிட்டுப் பெயரைப் படித்தேன். தம்பி வந்திருந்தான். அக்காவின் நோட்டையே கொண்டுவந்திருந்தான். முதல் நாலு பக்கம் என் தங்க விதிகள், அழகான கையெழுத்தில். மிச்சமெல்லாம் வெள்ளை.

இரண்டாவது வாரம் ஒரு நாள் கையைத் தூக்கினான். முழுக் கை.

"சார், அக்கா கேக்கச் சொன்னாங்க. எடுத்த துணியைத் திருப்பிக் குடுத்தா, கடையில காசு தராம கஸ்டமருக்கு கிரெடிட் நோட்டுனு ஒண்ணு தர்றாங்களாம். அது யாரு நோட்டுல கிரெடிட்?"

போர்டில் இன்னும் நாலு வரி பாக்கி இருந்தது. சாக்பீஸைக் கீழே வைத்தேன். அந்தப் பேச்சே அன்றைய வகுப்பு ஆனது. துணிக் கடையின் நோட்டு, கஸ்டமரின் நோட்டு என்று போர்டை இரண்டாகப் பிரித்து ஆளாளுக்கு வந்து எழுதினார்கள், அழித்தார்கள், சண்டை போட்டார்கள்.

வகுப்பு முடிகிற நேரத்தில் தம்பியைப் பார்த்தேன். தலையை ஆட்டிக்கொண்டிருந்தான்.

"ராத்திரி அக்கா கேப்பாங்க இல்ல? அவங்களுக்கு எப்படிச் சொல்லுவே, அப்படியே எனக்கு இப்ப சொல்லு" என்றேன்.

கொஞ்சம் தயங்கினான். அப்புறம் எழுந்து போர்டுக்கு வந்தான்.